தீக்கு ஏது தாலுகா எல்லை?

ஏப்ரல் 14 வந்தால் நமக்கு மூன்று விசேஷம். சித்திரை முதல் நாள், அம்பேத்கர் பிறந்த நாள், மூன்றாவதாகத் தீத்தொண்டு நாள். 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற கப்பலில் தீப்பிடித்தது. பருத்திப் பொதியும் வெடிமருந்தும் ஒன்றாக ஏற்றிய கப்பல் அது. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் வெடிப்பில் இறந்துபோனார்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் செயல்விளக்கம் நடக்கிறது. சிலிண்டரில் தீப்பிடித்தால் ஈரச்சாக்கைப் போடு, சேலையில் தீப்பிடித்தால் ஓடாதே, தரையில் உருளு என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். நானும் கூட்டத்தில் நின்று பார்ப்பதுண்டு.

ஆனால் என்னைப் போன்ற கிழவனுக்கு அங்கே ஒரு சந்தேகம் தீராமலே இருக்கிறது. என் ஊரில், என் தெருவில் தீப்பிடித்தால் எந்த நிலையத்து வண்டி வரும்? எத்தனை நிமிடத்தில் வரும்? அந்த வண்டி ஏற்கெனவே வேறு தீக்குப் போயிருந்தால் அடுத்து யார் வருவார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லக்கூடியவர் நம் தெருவில் யாராவது இருக்கிறார்களா? ரேஷன் கடை எது, ஓட்டுச்சாவடி எது என்று எல்லோருக்கும் தெரியும். தீயணைப்பு நிலையத்தின் எல்லை எதுவரை என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

நான் நிலஅளவைத் துறையில் இருந்தவன். தேனி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்னால், நாமெல்லாம் மதுரை மாவட்டமாக இருந்த காலத்திலிருந்தே சங்கிலி பிடித்தவன். எல்லைக்கல் நடுவதும், நட்ட கல்லைப் பிடுங்கிப் போட்டவனோடு மல்லுக்கட்டுவதுமே என் பிழைப்பு. மூன்று கிராமங்கள் கூடும் இடத்தில் நடுகிற கல்லை 'டிரை ஜங்ஷன்' கல் என்போம். அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்தால் ஒரே ஆள் மூன்று கிராமத்தில் இருப்பான் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எல்லை எதற்கு என்பதில் எனக்குக் குழப்பம் கிடையாது. நிலம் யாருடையது, வரி யாருக்கு, வழக்கு எந்தக் கோர்ட்டில் என்று தீர்மானிக்கத்தான் எல்லை. ஆபத்துக்கு யார் ஓடிவர வேண்டும் என்று தீர்மானிக்க அதே கல்லைப் பயன்படுத்துவது மடத்தனம் என்பதே என் கட்சி.

நம் உத்தமபாளையம் வட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பம், கூடலூர், சின்னமனூர் என்று மூன்று நகராட்சிகள். உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி, கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், காமயகவுண்டன்பட்டி, ஓடைப்பட்டி, மார்க்கையன்கோட்டை, குச்சனூர், ஹைவேவிஸ் என்று வரிசையாகப் பேரூராட்சிகள். கேரள எல்லையில் லோயர் கேம்ப்பிலிருந்து அந்தக் கோடியில் ஓடைப்பட்டி வரை ஒரே வட்டம். "வட்டத்துக்கு ஒரு நிலையம் இருக்கிறதே, போதாதா" என்று யாராவது சொன்னால், அவர் இந்தப் பள்ளத்தாக்கில் ஒருநாள் கூட பஸ் ஏறாதவர் என்று அர்த்தம். உத்தமபாளையத்திலும் நிலையம் இருக்கிறது, கம்பத்திலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். நல்லதுதான். ஆனால் வட்டம் என்ற கணக்கு நமக்குச் சொல்லாத விஷயங்கள் பல.

ஹைவேவிஸைப் பாருங்கள். வரைபடத்தில் உத்தமபாளையம் வட்டம். கம்பத்திலிருந்து கிழக்கே பார்த்தால் தலைக்கு மேலே நிற்கும் மலை. ஸ்கேல் வைத்து அளந்தால் பக்கம்தான். ஆனால் வண்டி போக வேண்டுமென்றால் சின்னமனூருக்குப் போய், அங்கிருந்து தென்பழனி அடிவாரத்துக்கு வந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, முப்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் போக வேண்டும். அங்கே தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்டுக்கொண்டா போகும்? கீழிருந்து தண்ணீர் வண்டி வந்து சேரும்போது அணைப்பதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

மேற்கே போனால் கதை வேறு. தேவாரத்துக்கும் சிலமலைக்கும் நடுவே எங்கோ உத்தமபாளையம் வட்டம் முடிந்து போடி வட்டம் தொடங்குகிறது. அந்தக் கோடு எந்தப் புல எண்ணில் ஓடுகிறது என்று என்னைப் போல நாலு பேருக்குத் தெரியும். அங்கே தென்னந்தோப்பில் எரிகிற தீக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் சில ஊர்களுக்குப் போடி பக்கம், சில ஊர்களுக்கு உத்தமபாளையம் பக்கம். கல்யாண முகூர்த்த நாளில் ஒரு பாதை அடைபட்டால் தூரமான நிலையமே சீக்கிரம் வரும் நிலையமாகிவிடும். இதை வட்டக் கணக்கு எப்படிச் சொல்லும்? கடிகாரம்தான் சொல்லும்.

இதற்கு ஓர் அளவுகோல் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் நிலையான தீயணைப்பு ஆலோசனைக் குழு எப்போதோ வகுத்து வைத்திருக்கிறது: நகர்ப்புறத்தில் 5 முதல் 7 நிமிடம், கிராமப்புறத்தில் 20 நிமிடத்துக்குள் வண்டி வந்து சேர வேண்டும். அதில் தாலுகா என்ற சொல்லே இல்லை, நிமிடம்தான் இருக்கிறது. ஆக, மேலே இருப்பவர்கள் நிமிடத்தில் யோசித்திருக்கிறார்கள். கீழே நாம்தான் வட்டம், ஒன்றியம், நகராட்சி என்று கேட்டுக்கொண்டும் வாங்கிக்கொண்டும் இருக்கிறோம்.

எல்லை என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கம். வேறொரு மாவட்டத்தில் அளவைப் பணிக்குப் போயிருந்தேன். பங்குனி வெயில். இரண்டு வட்டங்கள் சேரும் இடத்தில் ஒரு சின்னக் குடியிருப்பு. மத்தியானம் வைக்கோல் படப்பில் தீப்பிடித்துக்கொண்டது. ஒரு பையன் சைக்கிளை மிதித்துக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினான், அங்கேதான் போன். பக்கத்து ஊர் நிலையத்துக்குச் சொன்னதற்கு, அந்தக் குடியிருப்பு எங்கள் எல்லையில் வராது, இன்னொரு ஊருக்குச் சொல்லுங்கள் என்று பதில். அந்த இன்னொரு ஊருக்கு டிரங்க் கால் போட்டுக் கிடைப்பதற்குள் மூன்று படப்பு சாம்பல். மாட்டுக்கொட்டகையும் போயிற்று, உள்ளே கட்டியிருந்த கன்றும் போயிற்று. அந்த வீட்டுக்காரப் பெரியம்மா என் கையில் இருந்த வரைபடத்தைப் பார்த்து, "இதுல எங்க வூடு எந்தப் பக்கம்யா இருக்கு?" என்று கேட்டது. நான் காட்டினேன். சங்கிலிக் கணக்கில் எல்லையிலிருந்து நாலு சங்கிலி அந்தப் பக்கம். ஐந்து நிமிடத்தில் நடந்துவிடலாம். போனை எடுத்தவர் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அவர் கையில் கொடுத்திருந்த பட்டியல் அப்படி.

காலம் மாறிவிட்டது, இப்போது அப்படியெல்லாம் நடக்காது, கூப்பிட்டால் வருவார்கள் என்று சொல்வீர்கள். வருகிறார்கள்தான். கிணற்றில் விழுந்த மாட்டுக்கும், முல்லையாற்றில் மூழ்கியவனைத் தேடவும், வீட்டுக்குள் புகுந்த பாம்புக்கும், தென்னையில் கூடு கட்டிய கதண்டுக்கும் ராத்திரி பகல் பார்க்காமல் வருகிறார்கள். அந்த மனிதர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் சொல்வது ஏற்பாட்டை. நல்ல மனிதர்களின் பெருந்தன்மையை நம்பி ஓர் ஏற்பாடு நடக்கக்கூடாது. யார் முதலில், யார் இரண்டாவது என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

108 ஆம்புலன்ஸைப் பாருங்கள். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வந்தது. எந்த வட்டம், எந்த மாவட்டம் என்றா வண்டி அனுப்புகிறார்கள்? எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். பிரசவ வலிக்கு எல்லை கிடையாது என்று ஒப்புக்கொண்ட நாம், தீக்கு மட்டும் இன்னும் எல்லை வைத்துப் பேசுகிறோம்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணையில் தீயணைப்பு என்பது நகராட்சிகளின் பணிப் பட்டியலில் இருக்கிறது. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில். அப்படி இருக்கும் இடத்தில் ஓர் ஊர் வண்டி இன்னோர் ஊருக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு நிர்வாகங்கள் ஒத்துப்போக வேண்டும். அமெரிக்காவில் இது எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தது. வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் ரயிலில் வண்டிகள் வந்து இறங்கின. ஆனால் வந்தவர்களின் ஹோஸ் திருகும் பால்டிமோர் தெருக்குழாயின் திருகும் பொருந்தவில்லை. ஊருக்கு ஒரு திருகு! உதவி வந்தும் உதவாமல் சுமார் 1,500 கட்டடங்கள் எரிந்து போயின. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. சென்னை முதல் கன்னியாகுமரி வரை ஒரே துறை, ஒரே சீருடை. உத்தமபாளையத்துக்கும் போடிக்கும் தேனிக்கும் ஒரே மாவட்ட அலுவலர். எல்லையைத் திருத்த வேண்டுமென்றால் ஒரு துறைக்குள்ளேயே முடித்துவிடலாம். இத்தனை வசதி இருந்தும் செய்யாமல் இருப்பதற்குச் சாக்குச் சொல்ல இடமே இல்லை.

பிறகு ஏன் நடக்கவில்லை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். புது நிலையத்துக்குக் கட்டடம் உண்டு, கல்வெட்டு உண்டு, ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். எல்லைப் பட்டியலைத் திருத்தினால் அதில் வெட்டுவதற்கு ரிப்பன் ஏது? அரசியல்வாதியை மட்டும் சொல்லிப் பயனில்லை, நாமும் அப்படித்தான். அடுத்த ஊருக்கு நிலையம் வந்தால் நம் ஊருக்கு மரியாதைக் குறைச்சல் என்று மனுக் கொடுக்கிறோம். நகராட்சியான ஊர் "எங்களுக்கு நகராட்சி அந்தஸ்து இருக்கிறது, எனவே நிலையம் வேண்டும்" என்கிறது. அந்தஸ்து தீயை அணைக்காது. புது நிலையம் வர வேண்டிய இடம் பெரிய ஊராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நாலு ஊருக்குப் பொதுவான முக்குரோடாக இருக்கலாம். பஸ் நிற்காத இடமாகக்கூட இருக்கலாம். அந்த மனப்பக்குவம் நமக்கு வேண்டும்.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. மாநிலங்களில் தீயணைப்புப் பணியை விரிவாக்கவும் நவீனமாக்கவும் மத்திய அரசு 2023-ல் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. மாநிலம் கால் பங்கு போட வேண்டும். பணம் வரும், வண்டி வரும். அதை எங்கே நிறுத்துவது என்பதை நிமிடக் கணக்கு பார்த்து முடிவு செய்யாவிட்டால், ஏற்கெனவே வண்டி இருக்கும் ஊரிலேயே இன்னொரு வண்டி நிற்கும்.

அடுத்தது தண்ணீர். தீயணைப்பு வண்டியில் சாதாரணமாக 4,500 லிட்டர் இருக்கும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஒரு குழாயில் பீய்ச்சினாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் தாங்கும். பிறகு எங்கே நிரப்புவது? நம் பள்ளத்தாக்கில் தண்ணீருக்கா பஞ்சம் என்பீர்கள். 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிற பூமி, பி.டி.ஆர். கால்வாய் உண்டு, 18-ம் கால்வாய் உண்டு. எல்லாம் சரி. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது தீ குறைவு. இரண்டாம் போகம் அறுத்து, வைக்கோல் கட்டி, வாய்க்கால் காய்ந்து கிடக்கும் மாசி முதல் சித்திரை வரைதான் நமக்குத் தீக்காலம். வைக்கோலை மலைபோல் ஏற்றிக்கொண்டு வரும் லாரியும் டிராக்டரும் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியில் உரசித் தீப்பிடிப்பது அந்த மாதங்களில்தான். ஆகவே ஒவ்வொரு பேரூராட்சியிலும் ஒரு மேல்நிலைத் தொட்டியிலோ ஆழ்துளைக் கிணற்றிலோ வண்டி நிரப்புவதற்கென்று தனிக் குழாய் வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது என்று ராத்திரி இரண்டு மணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். எல்லையைத் திருத்தும்போது இதையும் சேர்த்துத் திருத்தாவிட்டால் பாதி வேலைதான்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான எல்லை காட்டுக்கும் பட்டா நிலத்துக்கும் நடுவே ஓடுவது. குரங்கணியை மறந்திருக்க மாட்டீர்கள். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் இறந்தார்கள். முதலில் ஓடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். டோலி கட்டித் தூக்கினார்கள். பிறகுதான் வனத்துறை, போலீஸ், தீயணைப்பு, விமானப்படை ஹெலிகாப்டர் எல்லாம். காப்புக்காட்டுக்குள் எரிந்தால் வனத்துறை. அடிவாரத் தோப்புக்கு இறங்கினால் தீயணைப்புத் துறை. காற்று திரும்பி மறுபடி மேலே ஏறினால்? அந்தக் கோட்டில் நின்று இரண்டு துறைக்கும் சேர்த்து உத்தரவு போடுகிறவர் யார் என்பதை மாசி மாதத்துக்கு முன்பே எழுதி ஒட்ட வேண்டாமா? 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. காட்டைக் காக்க அது தேவை. அதன் ஓரத்தில் வாழும் ஊர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசரமாகிறது.

மாநில எல்லையும் அப்படித்தான். 2022 டிசம்பரில் குமுளி மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து ஆண்டிபட்டிப் பக்கத்து ஐயப்ப பக்தர்கள் எட்டுப் பேர் இறந்தார்கள். அந்தப் பாதையில் கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் இரவு முழுக்க வண்டிதான். விபத்து எந்த வளைவில் நடந்தாலும் கீழே கூடலூர், கம்பத்திலிருந்தும் மேலே கேரளத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வண்டி கிளம்ப வேண்டும். முல்லைப் பெரியாறு தண்ணீருக்கு ஆயிரம் பேச்சுவார்த்தை நடத்துகிற இரண்டு அரசுகளுக்கு இது ஒரு மணி நேர வேலை.

கேரளத்திடம் கற்றுக்கொள்ளவும் ஒன்று இருக்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு அங்கே ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்தோடும் 50 உள்ளூர்த் தொண்டர்களை இணைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 124 நிலையத்துக்கு 6,200 பேர். ஜெர்மனியில் ஊருக்கு ஊர் தொண்டர் படைதான் பெரும்பாலும் தீயை அணைக்கிறது. ஹைவேவிஸுக்கும் லோயர் கேம்ப்புக்கும் இதுதான் வழி. கீழிருந்து வண்டி வரும்வரை அங்கேயே ஒரு சின்ன மோட்டார் பம்பும், ஹோஸும், பயிற்சி பெற்ற இருபது பேரும் இருந்தால் போதும், லைன் வீடுகள் பிழைக்கும்.

ஒரு எதிர்வாதம் நியாயமானது. உத்தமபாளையம் வண்டி எல்லை தாண்டிப் போய்விட்டால், அந்த நேரத்தில் உத்தமபாளையத்தில் தீப்பிடித்தால் என்ன செய்வது? அதற்காகத்தான் முதல் நிலையம், இரண்டாம் நிலையம் என்று பட்டியல் கேட்கிறேன். ஒரு வண்டி கிளம்பினால் அடுத்த நிலையத்து வண்டி நடுவழிக்கு நகர்ந்து வந்து நிற்க வேண்டும். பஸ் டெப்போவில் ஒரு வண்டி ரிப்பேரானால் மாற்று வண்டி விடுகிறார்களே, அதைவிட இது கஷ்டமா?

ஆக நான் கேட்பது பெரிய விஷயமில்லை. முதலில், ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் நிஜ வண்டியை, சந்தை நாளிலும் முகூர்த்த நாளிலும், ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ஓட்டிப் பார்த்து நிமிடத்தை எழுதுங்கள். அதன்படி எல்லையைத் திருத்துங்கள், வட்டத்தை மறந்துவிடுங்கள். இருபது நிமிடத்துக்கு வெளியே நிற்கும் ஊர்களைச் சிவப்பு மையில் குறியுங்கள். புது நிலையமோ சின்ன வண்டியோ தொண்டர் குழுவோ அங்கிருந்து தொடங்கட்டும். ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் முதல் நிலையம், இரண்டாம் நிலையம், தண்ணீர் நிரப்பும் இடம் என்று மூன்று வரி எழுதுங்கள்.

வீடு பற்றிக்கொண்டபின் கிணறு வெட்டின கதையாக ஆவதற்குள் நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஓய்வு பெற்றவர்களுக்கு நேரம் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய்தான். ஊர் பெயரைப் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கள் ஊருக்கு முதல் நிலையம் எது, இரண்டாம் நிலையம் எது? கடந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் ஊரிலிருந்து வந்த அழைப்புகளுக்கு வண்டி வந்து சேர எத்தனை நிமிடம் ஆனது? எங்கள் ஊரில் வண்டி தண்ணீர் நிரப்பும் இடம் எது? கோம்பையிலிருந்து ஒருவர், தேவாரத்திலிருந்து ஒருவர், ஓடைப்பட்டியிலிருந்து ஒருவர், கூடலூரிலிருந்து ஒருவர் போட்டால் போதும். வருகிற பதில்களை அடுத்தடுத்து வைத்தால் நிமிட வரைபடம் தானாக வந்துவிடும். வரைந்து தர நான் இருக்கிறேன், ஸ்கேலும் பென்சிலும் இன்னும் வைத்திருக்கிறேன். கிராமங்களில் இருப்பவர்கள் மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டு வரலாம். தீத்தொண்டு வாரம் முடிந்து சரியாகப் பதினோராம் நாள் வருகிறது அந்தக் கூட்டம்.